தறி நின்றால் கோழிக்கறி

நாய் பழக்கும் உங்களில் பாதிப் பேர் அனுப்பும் வீடியோக்களை நான் பார்க்கிறேன். நாய் கோணிமேல் படுத்திருக்கும், பின்னால் வீணை இசை ஓடும், கீழே “முழு அமைதி” என்று எழுதியிருப்பீர்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை ஏது? நான் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். பின்னங்கால் இரண்டும் உடம்புக்கு அடியில் மடங்கி, எந்த நொடியும் பாயத் தயாராக இருக்கும். கண் உங்கள் இடுப்பில் தொங்கும் தின்பண்டப் பையை விட்டு நகராது. ரேஷன் கடை வரிசையில் சர்க்கரை தீர்ந்துவிடுமோ என்று நிற்கிறவனும் வாயைத் திறக்காமல்தான் நிற்கிறான். அவன் நிம்மதியாக இருக்கிறான் என்று யாராவது சொல்வோமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே தப்பை உங்களைவிடப் பெரிய அளவில் செய்தவன் நான். ஒரு நாயின் வீட்டையே பறிக்கப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். அரக்கோணத்தில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் நாய் பார்த்துக்கொள்கிறவனாகத் தொழிலை ஆரம்பித்தேன். அங்கே பயிற்சி என்றால் சங்கிலியைச் சுண்டி இழுப்பது, அதட்டுவது, மறுபடி சுண்டி இழுப்பது. நாய்கள் எங்களைப் பார்த்து நடுங்கும். அதைக் கட்டுப்பாடு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு கால்நடை டாக்டரம்மா என்னைத் திருத்தினார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், வாய் மட்டும் மூத்தது. “அடிச்சா நாய் கத்துக்கும் சார். உங்களப் பாத்தா ஓடணும்னு கத்துக்கும்,” என்பார். நல்லது செய்தால் தின்னக் கொடு, கெட்டதைக் கண்டுகொள்ளாதே, நாய் என்ன செய்கிறது என்பதைவிட அதற்கு ஒரு நொடி முன்னால் என்ன நடந்தது என்று பார். இவ்வளவுதான் அவர் பாடம். கேட்க எளிது. கடைசி வரியைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது.

திருத்தணிக்கு வந்து சொந்தமாகத் தொழில் செய்தபோது எனக்கு ஒரு பந்தா உண்டு. மலையடிவாரத்தில், மொட்டைத் தலைகளும் காவடிகளும் பூக்கூடைகளும் மோதிக்கொள்ளும் இடத்தில், நான் பழக்கிய நாயைக் கோணிமேல் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்தில் டீ குடிப்பேன். கூட்டம் தாண்டித் தாண்டிப் போகும், நாய் கொட்டாவி விடும். விளம்பரப் பலகைக்கு ஆகும் செலவு மிச்சம். அப்படி ஒரு கிருத்திகைக்கு மலைக்கு வந்த வரலட்சுமி என்ற பெண் அதைப் பார்த்துவிட்டு, பிரசாதப் பையோடு நேராக என்னிடம் வந்தாள்.

“சார், எங்க வூட்டு நாய இந்த மாதிரி படுக்க வெச்சுக் குடுப்பீங்களா? நாட்டு நாய்தான். ஆர்.கே.பேட்டை. பஸ் இருக்குது சார்.”

நாட்டு நாய்க்குப் பயிற்சி கேட்டு ஒருவர் வந்தால் அது பொழுதுபோக்காக இருக்காது, ஏதோ கழுத்துக்குக் கத்தி வந்திருக்கிறது என்று அர்த்தம். என்ன விஷயம் என்று கேட்டேன்.

அவர்கள் வீட்டில் முன்பக்கம் கொட்டகை. அதில் இரண்டு விசைத்தறி, லுங்கி ஓடுகிறது. தறிகள் அவளுடைய கணவனின் அண்ணனுக்குச் சொந்தம். அவர்கள் வீட்டில் தெலுங்கு, அதனால் அவரை ‘பாவா’ என்பாள். கணவன் சூரத்தில் மில் வேலைக்குப் போய், தீபாவளிக்குத் தீபாவளி முகம் காட்டுகிறவன். அவன் முதன்முதலில் சூரத்துக்குக் கிளம்பிய மாதம் வந்து சேர்ந்த குட்டிதான் இந்த நாய். பெயர் சின்னா. இரண்டு வருஷமாக அவள் கதவுக்கு முன்னால் அதுதான் படுக்கிறது.

“வூட்ல எங்கூட பேசறதுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான் சார்,” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது.

சிக்கல் இதுதான். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல் முழுவதும், தீர்ந்தால் புதுப் பாவை மாட்டி, பழைய நூலின் நுனியோடு புது நூலின் நுனியை ஒவ்வொரு இழையாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு முறுக்கவேண்டும். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும், அதுவரை இரண்டு தறியும் நிற்கும். அந்தக் கொட்டகையில் அதைச் செய்கிறவள் வரலட்சுமி. அவள் தறிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கும்போது, சின்னா கொஞ்சலாம் என்று ஒருமுறை நூலுக்கு நடுவே புகுந்துவிட்டது. பாவா கட்டையை எடுத்துவிட்டார். “இன்னொரு வாட்டி பூந்துச்சுன்னா ஆட்டோல போட்டு நகரிக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துருவேன்,” என்று சொல்லிவிட்டார். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லையாம். முன்பு ஒரு பூனை அப்படிப் போயிருக்கிறது.

“இதெல்லாம் ஒரு வேலையாம்மா? மூணு வாரம்,” என்றேன். என் வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம்.

ஆர்.கே.பேட்டையில் இறங்கிய முதல் நாளே எனக்குக் காது அடைத்துப்போனது. அந்தக் கொட்டகையில் இரண்டு தறியும் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்த இரைச்சலில் தறிக்கு நாலடி தள்ளிச் சின்னா மல்லாக்கப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனித்தேனா? கவனித்தேன். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நான் செய்த முதல் காரியம், பாவாவிடம் போய், “ரெண்டு தறியையும் கொஞ்சம் நிறுத்துங்க. சத்தத்துல பயிற்சி குடுக்க முடியாது,” என்று கறாராகச் சொன்னதுதான்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒல்லியான மனிதர், பேச்சைவிடப் பெருமூச்சு அதிகம். “நாய் வாத்தியார் வந்துகினாரு, தறிய நிறுத்து,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிறுத்தினார்.

அதன்பிறகு வாரத்துக்கு மூன்று நாள். நான் போவேன், தறி நிற்கும். வரலட்சுமி தரையில் கோணியை விரித்து உட்காருவாள். நான் வேகவைத்த கோழிக்கறியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். சின்னா ஓடி வரும், படுக்கும், அவள் ஒரு துண்டு கொடுப்பாள். இரண்டாவது வாரம் அது ராணுவ வீரன் மாதிரி டக்கென்று படுத்தது. மூன்றாவது வாரம் அரை மணி நேரம் நகராமல் படுத்திருந்தது. நானும் உங்களைப் போலவே வீடியோ எடுத்தேன். பின்னங்கால் எப்படி மடங்கியிருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

அடுத்த பாவு வந்தது. “தைரியமா பிணைங்க, நான் பொறுப்பு,” என்று பாவாவிடம் மார்தட்டினேன். மார்தட்டுவதற்கென்றே அன்றைக்கு பஸ் ஏறிப் போயிருந்தேன்.

தறி நின்றது. வரலட்சுமி தறிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து விரலில் சாம்பலைத் தொட்டாள். பின்கட்டில் தூங்கிக்கொண்டிருந்த சின்னா எழுந்து ஓடி வந்த வேகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சுற்றிப் போக அதற்குப் பொறுமை இல்லை. புதுப் பாவுக்கு நடுவே நேராகப் புகுந்து, அவள் மடிக்குப் பக்கத்தில் டக்கென்று படுத்து, வாலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. கழுத்தெல்லாம் நூல். முன்பு கொஞ்சுவதற்காகத் தயங்கித் தயங்கிப் புகுந்த நாய், என் பயிற்சிக்குப் பிறகு தயக்கமே இல்லாமல் புகுந்தது.

பாவா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “அடுத்த பாவு வரைக்கும் பாப்பேன். அன்னிக்கும் பூந்துச்சுன்னா அன்னிக்கே ஆட்டோ,” என்றார். என்னைப் பார்த்து, “வாத்தியாரே, நீயும் அதே ஆட்டோல ஏறிக்கோ,” என்றார். வரலட்சுமி நாயின் கழுத்திலிருந்து நூலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. அந்தக் கோபம் நாய்மேல் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய சங்கிலியைச் சுண்டி இழுக்கக் கை துடித்தது.

உங்களுக்கும் அப்படித் துடிக்கும். துடித்தால் வெளியே போய்விடுங்கள். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, இந்த நாய்க்கு மூளையே இல்லை என்று ஆரம்பித்தேன்.

“அது எழுந்து ஓடறதுக்கு முன்னாடி என்னா நடந்துச்சு?” என்றார்.

“ஒண்ணும் நடக்கல டாக்டர். தறிய நிறுத்தினாங்க, அந்தப் பொண்ணு உக்காந்துச்சு. அவ்ளோதான்.”

“ஆங். நீங்க பயிற்சிக்குப் போறப்ப என்னா நடக்கும்?”

“தறிய நிறுத்தச் சொல்லுவேன்...” என்று ஆரம்பித்ததுமே புரிந்துவிட்டது. அவர் போனை வைத்துவிட்டார். நான் திரும்பி நடந்தேன். கொட்டகை வாசலில் வரலட்சுமி அறுந்த நூலை உதறிக்கொண்டிருந்தாள். நான் சொல்வதற்கு முன்பே அவள் சொன்னாள்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வந்தா தறி நிக்கும். தறி நின்னா நான் கீழ குந்துவேன். நான் குந்துனா அதுக்குக் கறி. அதத்தான் கத்துக்கினு இருக்குது. நேத்து கரண்ட்டு போச்சு, தெருவே கம்முனு ஆயிடுச்சு, இது மட்டும் குதியோ குதின்னு குதிச்சுது. அப்பவே எனக்கு டவுட்டு சார். நீங்க பெரியவங்க, எப்படிச் சொல்றதுன்னு வுட்டுட்டேன்.”

வகுப்பு எடுக்க அமைதி வேண்டும் என்பது எனக்குத்தான். நாய் பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்குகிறது. அதற்கு அமைதி என்றால் அந்தச் சத்தம்தான். அதை நிறுத்திவிட்டு, நிற்கிற நேரமெல்லாம் விருந்து வைத்து, தறி நின்றால் கோழிக்கறி என்று மூன்று வாரம் மணியடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சின்னா முதல் மாணவன். வாத்தியார்தான் ஃபெயில்.

எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டேன். இந்தப் பாவைச் சரிசெய்து பிணைத்து ஓட்டினால் பன்னிரண்டு நாளில் தீரும் என்றாள்.

எல்லாவற்றையும் தலைகீழாக்கினோம். முதல் வேலை, நான் வீட்டுக்குள் வரக்கூடாது. என் முகமே அந்த நாய்க்குக் கோழிக்கறி. ஜன்னலுக்கு வெளியே, அது பார்க்காத பக்கமாக நின்றேன். தறி ஓடும்போது சின்னா தானாகப் படுத்தால், யாரும் கூப்பிடாமல், பேசாமல், வரலட்சுமி போகிற போக்கில் முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு துண்டை வைத்துவிட்டுப் போகவேண்டும். இடுப்பு ஒருபக்கமாகச் சாய்ந்தால் ஒன்று, தாடை தரையில் பட்டால் ஒன்று. எழுந்தால் ஒன்றும் இல்லை, திட்டும் இல்லை. பிறகு, ஒரு தறியில் தார், அதாவது குறுக்கு நூல் சுற்றிய குச்சி, மாற்ற நிறுத்தும்போது அந்த அரை நிமிடம் மற்றதையும் நிறுத்தவேண்டும். அரை நிமிடம்தானே என்று பாவா பெருமூச்சோடு ஒப்புக்கொண்டார். கொட்டகை அமைதியாகும். நாய் தலையைத் தூக்கும். எதுவும் நடக்காது. தறி மறுபடி ஓடும். இப்படி நாளெல்லாம். தறி நிற்பதைப்போல உப்புச்சப்பில்லாத விஷயம் உலகத்தில் இல்லை என்று அதற்குத் தோன்றவேண்டும். பத்தாவது நாள் அது தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் ஆடியது.

பாவு தீர்ந்த நாள் பார்த்தால் கிருத்திகை. அந்த வீட்டில் அன்றைக்குக் கறி வாசற்படி தாண்டாது. கறி நாற்றம் அடிக்கும் என் பையும் தாண்டாது. முருகனுக்கு விரதம் நீங்கள் இருங்கள், நாய் எதற்கு இருக்கவேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். வரலட்சுமி என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது. “இட்லி இருக்குது சார்,” என்றாள். இட்லிக்கு எந்த நாய் மயங்கும் என்று தலையில் கைவைத்தேன். பிறகுதான் உறைத்தது. மயங்காமல் இருப்பதுதானே நமக்கு வேண்டும்! கறியைக் காட்டிவிட்டு ஒருவனைச் சும்மா படுத்திரு என்றால் எப்படிப் படுப்பான்? இந்த யோசனை என்னுடையது என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். அது முருகன் ஏற்பாடு.

ஆனால் இட்லியை யார் வைப்பது? வரலட்சுமிக்கு இரண்டு கையும் நூலில். நான் உள்ளே போகக்கூடாது. பிணைத்து முடியும்வரை கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருக்கப்போகிற ஒரே ஆள் பாவா.

நாய் பின்கட்டில் இருந்த நேரம் பார்த்து அவரை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். “நீங்கதான் வைக்கணும்,” என்றேன்.

“நானா? அத்த தொரத்தறதுக்கு ஆட்டோக்காரனுக்குச் சொல்லி வெச்சுகினு குந்தினு இருக்கேன். நான் ஊட்டி வுடணுமா?”

கெஞ்சினால் இந்த ஆள் மசியமாட்டார் என்று தெரிந்தது. “சரிங்க. நான் கத்துக் குடுத்தது தப்புன்னு சொல்றீங்க இல்ல? நீங்களே உங்க கையால வெச்சு, அது பூந்துடுச்சுன்னு நிரூபிங்க. ஆட்டோல நாய நானே தூக்கி வைக்கறேன்,” என்றேன்.

என்னைத் தோற்கடிக்கும் ஆசை அவர் முகத்தில் தெரிந்தது. தட்டை வாங்கிக்கொண்டார். கெட்ட எண்ணத்தோடு வைத்தாலும் இட்லி இட்லிதான், நாய் அதையெல்லாம் விசாரிப்பதில்லை. ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். படுத்திருந்தால் வையுங்கள், எழுந்தால் கையைக்கூட அசைக்காதீர்கள்.

தறி நின்றது. வரலட்சுமி உட்கார்ந்தாள். கோணிமேல் கிடந்த சின்னா ஒரு கண்ணைத் திறந்தது. பாவா ஒரு துண்டை வைத்தார், குப்பை போடுகிற மாதிரி. அது நக்கிவிட்டுத் தாடையைத் தரையில் வைத்தது. இன்னொரு துண்டு. ஒரு மணி நேரம் ஓடியது. முதலில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், பிறகு நாயின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்க்க ஆரம்பித்தார். அது மெதுவாக மூச்சு விட்டால் வைக்கவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தானாகவே அப்படித்தான் வைத்தார்.

பாதிக்குமேல் பிணைத்தாகிவிட்டது. அப்போது சின்னா எழுந்தது.

முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. வரலட்சுமியைப் பார்த்தது. அவளுக்கும் அதற்கும் நடுவே நாலடி, அந்த நாலடியில் முழுப் பாவும் விரிந்து கிடக்கிறது. அவள் விரல் நின்றுவிட்டது. பாவா என் பக்கம் திரும்பினார். “சின்னா! படு!” என்று கத்த என் தொண்டை வரை வந்தது. கத்தியிருந்தால், கோழிக்கறிக்காரன் வந்துவிட்டான் என்று நேராக என்னை நோக்கி, நூலுக்கு நடுவே வந்திருக்கும். இந்தத் தொழிலில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அன்றைக்கு ஜன்னலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டதுதான். ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்று தெரிந்தது.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மெல்ல எட்டிப் பார்த்தேன். சின்னா மூன்று சுற்று சுற்றி, இந்தமுறை வேறு பக்கமாகப் படுத்திருந்தது. அதன் தாடை பாவாவின் பாதத்தின்மேல் இருந்தது. அவர் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். இட்லியைக்கூட மறந்துவிட்டார். வரலட்சுமியின் விரல் மறுபடி நகர்ந்தது.

வெயில் தாழ்ந்தபோது கடைசி இழையை முறுக்கிவிட்டு அவள் முதுகை நிமிர்த்தினாள். நாய் பக்கவாட்டில் சரிந்து, கால்களை நீட்டி, வாய் லேசாகத் திறந்து கிடந்தது. இந்தமுறை பின்னங்கால் மடங்கியிருக்கவில்லை.

“பாவா, ஆயிடுச்சு. தறிய ஓட்டலாம்,” என்றாள் வரலட்சுமி.

பாவா கையை உயர்த்தி அவளை அடக்கினார்.

“இரும்மா. தூங்கினு இருக்குது. எழுந்துக்கட்டும்.”

தறியை ஓட்டினால்தான் அது இன்னும் நன்றாகத் தூங்கும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே நானும் உள்ளே அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருமே அவரிடம் சொல்லவில்லை.